அடுத்து எந்தப் படம் ரைடாகும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு பெரிய படம் வெளியானதும் தீம் பார்க் ரசிகர்களிடையே ஊகங்கள் கிளம்பிவிடும். எந்தப் பூங்காவில் வரும், ரோலர் கோஸ்டரா படகா, அதற்காக எந்தப் பழைய ரைடை மூடுவார்கள் என்று விவாதம் நீளும். பல ஆண்டுகளாக இந்தச் செய்திகளைத் தொடர்ந்து படித்துவருகிறேன். அதில் நான் கற்றது இது: படத்தின் வசூலை வைத்து ஊகிப்பவர்கள் பெரும்பாலும் தோற்கிறார்கள். உரிமை யார் கையில் இருக்கிறது, நிலம் எங்கே காலியாகிறது, ஏற்கெனவே இருக்கும் தண்டவாளம் எந்தக் கதைக்குப் பொருந்தும் என்று பார்ப்பவர்கள்தான் ஜெயிக்கிறார்கள். கீழே உள்ள பதில்களும் அந்தக் கோணத்தில் எழுதியவைதான்.

படம் உலகமெங்கும் சக்கைப்போடு போட்டால் அதற்கு ரைடு வந்தே தீரும் அல்லவா?

வந்தே தீரும் என்று சொல்ல முடியாது. வந்தாலும் படத்தின் சூடு ஆறிய பிறகுதான் வரும். 'அவதார்' வெளியானது 2009 டிசம்பரில். ஜேம்ஸ் கேமரூனோடு கைகோத்து டிஸ்னி அறிவிப்பு வெளியிட்டது 2011 செப்டம்பரில். ஃப்ளோரிடாவில் டிஸ்னியின் அனிமல் கிங்டம் பூங்காவில், அந்தப் படத்தின் உலகமான பண்டோராவின் பகுதி திறந்தது 2017 மே 27 அன்று. படத்துக்கும் ரைடுக்கும் நடுவே ஏழு ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன. இரண்டாம் பாகம்கூட அப்போது வந்திருக்கவில்லை. 'இந்தப் படத்தை இப்போது யார் நினைவு வைத்திருக்கிறார்கள்' என்று பலர் கேட்டார்கள். ஆனால் திறந்த நாளிலிருந்து, பறக்கும் விலங்கின் முதுகில் ஏறிச் செல்லும் அந்த ரைடுக்கு மணிக்கணக்கில் வரிசை நின்றது. நின்றவர்களில் படத்தையே பார்க்காதவர்களும் இருந்திருப்பார்கள். மிதக்கும் மலைகளும் இரவில் ஒளிரும் செடிகளுமே அவர்களுக்குப் போதுமாக இருந்தன.

'ஃப்ரோசன்' கதை வேறு. 2013 நவம்பரில் படம், 2016 ஜூனில் ரைடு. இந்த வேகத்துக்குப் படத்தின் வெற்றி பாதிக் காரணம்தான். ஃப்ளோரிடாவில் டிஸ்னியின் எப்காட் பூங்காவின் நார்வே பகுதியில் 1988 முதல் 'மெயில்ஸ்ட்ரோம்' என்ற படகு ரைடு ஓடிக்கொண்டிருந்தது. அதன் நீர்வழியை வைத்துக்கொண்டே உள்ளே காட்சிகளை மாற்றினார்கள். புதிதாகத் தோண்டிக் கட்டியிருந்தால் அவ்வளவு சீக்கிரம் முடிந்திருக்காது.

படம் தோற்றுவிட்டால் ரைடுக்கு வாய்ப்பே இல்லையா?

அப்படியும் இல்லை. 'வாட்டர்வேர்ல்ட்' 1995இல் வெளிவந்தபோது பெரிய ஏமாற்றம் என்று பேசப்பட்ட படம். அதே ஆண்டு யுனிவர்சல் ஸ்டுடியோஸ் ஹாலிவுட்டில் தொடங்கிய அதன் சாகசக் காட்சி பல தலைமுறைப் பார்வையாளர்களைக் கண்டுவிட்டது. ஒசாகாவுக்கும் சிங்கப்பூருக்கும்கூடப் போனது.

இதைவிடத் தெளிவான உதாரணம் 'டார்க் யுனிவர்ஸ்'. தன் பழைய பேய்ப் படங்களை எல்லாம் ஒரே உலகமாக இணைத்துப் புதுப் படவரிசை எடுக்க யுனிவர்சல் திட்டமிட்டது. அதற்கு வைத்த பெயர்தான் அது. 2017இல் வந்த 'தி மம்மி'யோடு அந்தத் திட்டம் நின்றுபோனது. ஆனால் 2025 மே 22 அன்று ஃப்ளோரிடாவின் ஆர்லாண்டோவில் திறந்த எபிக் யுனிவர்ஸ் பூங்காவில் அதே பெயரில் ஒரு பகுதியே எழுந்திருக்கிறது. அங்கே ஆட்சி செய்பவை 1931இல் திரைக்கு வந்த டிராகுலாவும் ஃபிராங்கன்ஸ்டைனின் உருவமும் போன்ற பழைய பாத்திரங்கள். படவரிசை கைவிடப்பட்டாலும் அந்த இடம் நிலைத்துவிட்டது. எந்தப் புதுப்படம் ரைடாகும் என்று மட்டும் யோசிப்பவர்கள் இப்படிப்பட்ட பழைய சொத்துகளைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள்.

வதந்திகளில் எதை நம்புவது, எதைத் தள்ளுவது?

கட்டடத்தை வைத்துப் பேசும் வதந்தியை நம்பலாம். ஆசையை மட்டும் வைத்துப் பேசுவதைத் தள்ளிவிடலாம்.

எனக்கு மிகப் பிடித்த உதாரணம் 'டைனோசர்' ரைடு. அனிமல் கிங்டமில் 1998இல் திறந்தது. கலிஃபோர்னியா டிஸ்னிலேண்டில் 1995இல் வந்த இந்தியானா ஜோன்ஸ் ரைடின் வண்டிதான் இதிலும். ஹைட்ராலிக் கருவிகளால் தானே குலுங்கி, சாய்ந்து, துள்ளும் வண்டி அது. பாதையின் வளைவு நெளிவுகள்கூட ஏறக்குறைய ஒன்றே. இதைத் தெரிந்தவர்கள், ஒருநாள் இந்த ரைடு இந்தியானா ஜோன்ஸாக மாறும் என்று பல ஆண்டுகளாகச் சொல்லிவந்தார்கள். எந்தப் புதுப்படத்தையும் அவர்கள் ஆதாரமாகக் காட்டவில்லை. அவர்கள் காட்டியது தண்டவாளத்தை. 2024 ஆகஸ்டில் டிஸ்னி அதையே அறிவித்தது.

கட்டுமான அனுமதி, நிலப் பதிவு போன்ற ஆவணங்களைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியுமா?

முடியும். ஒரு தீம் பார்க் எதை மறைத்தாலும் மண்ணைத் தோண்டுவதை மறைக்க முடியாது. மழைநீர் எங்கே வடியும், எந்த மரம் வெட்டப்படும், எந்தக் கட்டடத்தை இடிப்பார்கள் என்பதற்கெல்லாம் அனுமதி வேண்டும். அந்த விண்ணப்பங்கள் பொது ஆவணங்கள். அவற்றில் ரைடின் பெயர் இருக்காது, ஒரு திட்ட எண்ணோ புனைபெயரோதான் இருக்கும். ஆனால் கட்டடத்தின் நீள அகலம் இருக்கும். ஜன்னலே இல்லாத பெரிய பெட்டி போன்ற கட்டடம் என்றால் உள்ளரங்க ரைடு என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். வரிசையாகச் சிறு சிறு அஸ்திவாரத் தூண்கள் வளைந்து போனால் அது கோஸ்டர்.

ஆர்லாண்டோவில் யுனிவர்சலின் ஐலண்ட்ஸ் ஆஃப் அட்வென்சர் பூங்காவில் ஜுராசிக் பகுதியில் ஒரு கோஸ்டரின் தண்டவாளம் எல்லோர் கண்முன்னும் எழுந்துகொண்டிருந்தது. யுனிவர்சல் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. ரசிகர்கள் வளைவுகளை எண்ணி, வரைபடமே போட்டுவிட்டார்கள். 'வெலாசிகோஸ்டர்' என்ற பெயரை நிறுவனம் அறிவித்தது 2020 செப்டம்பரில்தான். அடுத்த ஜூனில் திறந்தே விட்டது.

நிலம் வாங்குவது இதைவிடப் பெரிய தடயம். இங்கிலாந்தின் பெட்ஃபோர்டு அருகே பழைய செங்கல் சூளை இருந்த நிலத்தை வாங்கியிருப்பதை யுனிவர்சல் 2023 டிசம்பரில் ஒப்புக்கொண்டது. பூங்கா வரும் என்ற அறிவிப்பு 2025 ஏப்ரலில். திறக்கத் திட்டமிட்டிருக்கும் ஆண்டு 2031. அங்கே எந்தெந்தப் படங்கள் வரும் என்பதற்கு ஜேம்ஸ் பாண்டிலிருந்து பேடிங்டன் கரடி வரை ஆளுக்கொரு பட்டியல் வைத்திருக்கிறார்கள். பிரிட்டனில் பிறந்த கதைகளை மட்டும் எடுத்து அடுக்கிய பட்டியல்கள் அவை. என் கருத்தில், நாட்டைப் பார்ப்பதைவிட யுனிவர்சல் ஏற்கெனவே எந்தக் கதைகளுக்குப் பூங்கா உரிமை வைத்திருக்கிறது என்று பார்ப்பது பயன் தரும்.

புதிய ரைடு வண்டிக்குக் காப்புரிமை விண்ணப்பம் வந்திருக்கிறது. அப்படியென்றால் ரைடு உறுதிதானே?

இல்லை. டிஸ்னியும் யுனிவர்சலும் தொடர்ந்து விண்ணப்பித்துக்கொண்டே இருக்கின்றன. கட்டப்போவதற்காக மட்டுமன்றி, போட்டியாளர் கட்டிவிடாமல் இருக்கவும் விண்ணப்பிப்பது உண்டு. அமெரிக்காவில் ஒரு விண்ணப்பம் பொதுவாக 18 மாதம் கழித்தே வெளியாகிறது. நாம் படிக்கும்போது அந்த யோசனை கைவிடப்பட்டிருக்கலாம், அல்லது ரைடாகவே ஓடிக்கொண்டிருக்கலாம். பொறியாளர்கள் எந்தத் திசையில் யோசிக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள அதைப் படிக்கலாம்.

மார்வெல் டிஸ்னியுடையது. ஆனால் ஃப்ளோரிடாவில் ஸ்பைடர்மேன் யுனிவர்சலில் இருக்கிறாரே, எப்படி?

இந்தத் துறையை ஒரே கதையில் புரிந்துகொள்ள வேண்டுமானால் நான் இதைத்தான் சொல்வேன்.

1994இல் மார்வெல் தனி நிறுவனம். அப்போது யுனிவர்சலின் தாய் நிறுவனத்தோடு ஓர் ஒப்பந்தம் போட்டது. அமெரிக்காவில் மிசிசிப்பி ஆற்றுக்குக் கிழக்கே, யுனிவர்சல் பயன்படுத்தும் மார்வெல் பாத்திரங்களையும் அவர்களோடு சேர்ந்த குழுவினரையும் வேறு எந்தத் தீம் பார்க்கும் தொடக்கூடாது என்பது அதன் சாரம். ஐலண்ட்ஸ் ஆஃப் அட்வென்சர் 1999இல் திறந்தபோது ஸ்பைடர்மேன் ரைடும் வந்தது. நகரும் வண்டி, முப்பரிமாணத் திரை, நிஜமான காட்சி அரங்கு மூன்றையும் ஒன்றாக இழைத்த அந்த ரைடு அதன் பிறகு வந்த பலவற்றுக்கு முன்மாதிரி. 2002இல் திரைக்கு வந்த ஸ்பைடர்மேன் படத்துக்கே அது மூத்தது. அதன் வேர் காமிக்ஸில்.

2009இல் டிஸ்னி மார்வெலை வாங்கியது. ஆனால் பழைய ஒப்பந்தம் அப்படியே நீடித்தது. அதனால்தான் மிசிசிப்பிக்கு மேற்கே கலிஃபோர்னியாவில் 2021இல் 'அவெஞ்சர்ஸ் கேம்பஸ்' திறக்க முடிந்தது. ஃப்ளோரிடாவில் அது முடியவில்லை. அங்கே 2022 மே மாதம் எப்காட்டில் வந்தது 'கார்டியன்ஸ் ஆஃப் தி கேலக்ஸி' கோஸ்டர், ஏனென்றால் அந்தக் கூட்டம் யுனிவர்சல் தொட்ட பாத்திரங்களில் இல்லை.

ஆகவே 'ஃப்ளோரிடா டிஸ்னியில் அயர்ன்மேன் வருகிறார்' என்று யாராவது சொன்னால், முதலில் அந்த ஒப்பந்தம் முடிந்துவிட்டதா என்று கேளுங்கள். வரைபடம் எவ்வளவு அழகாக இருந்தாலும் அந்தக் கேள்விக்குப் பதில் இல்லாமல் அடுத்த அடி கிடையாது.

'சிம்ப்சன்ஸ்' கார்ட்டூன் தொடரின் விஷயமும் இதே மாதிரிதான். 2008இல் யுனிவர்சலில் அந்த ரைடு வந்தது. 2019இல் தொடரின் உரிமையாளரான ஃபாக்ஸை டிஸ்னி வாங்கியதும் பாத்திரங்கள் போட்டியாளரின் வீட்டுக்குப் போய்விட்டன. அதற்குப் பிறகும் ரைடு யுனிவர்சலில் ஓடியது.

'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' ஏன் இன்னும் பெரிய ரைடாகவில்லை?

ஊகங்களில் அடிக்கடி தலைகாட்டும் பெயர் இது. கதையில் இடங்களுக்குப் பஞ்சமில்லை. பாதாளச் சுரங்கமும் எரிமலையும் பச்சைக் குன்றுகளில் வட்டக் கதவு வீடுகளும் இருக்கின்றன. சிக்கல் உரிமையில்தான். கதையை எழுதிய டோல்கீனின் இரண்டு நாவல்கள் சார்ந்த திரைப்பட, விளையாட்டு, தீம் பார்க் உரிமைகளை வைத்திருந்த 'மிடில் எர்த் என்டர்பிரைசஸ்' நிறுவனத்தை 2022இல் ஸ்வீடனின் எம்ப்ரேசர் குழுமம் வாங்கியது. படங்களைத் தயாரித்த ஸ்டுடியோ வேறு. திரையில் பார்த்த அதே முகங்களும் உடைகளும் இசையும் வேண்டுமென்றால் ஒன்றுக்கு மேற்பட்ட தரப்போடு பேச வேண்டியிருக்கும். நான் மிகவும் காண விரும்பும் ரைடு இதுதான், ஆனால் எந்தப் பூங்காவும் வாய் திறந்து அறிவிக்காதவரை இதற்காக எந்த நிலத்தையும் காட்டி 'இதோ' என்று சொல்ல மாட்டேன்.

எந்த மாதிரிப் படம் நல்ல ரைடாகும்?

நாம் போய் நிற்க ஆசைப்படும் இடம் ஒன்று கதையில் இருக்க வேண்டும். கதைத் திருப்பங்கள் ரைடில் உதவாது. நாலைந்து நிமிடத்தில் யாருடைய மனமாற்றத்தையும் காட்ட முடியாது. ஆனால் ஒரு கோட்டைக்குள் நுழைய வைக்கலாம்.

2010 ஜூனில் ஆர்லாண்டோவில் ஹாரி பாட்டர் பகுதி திறந்தது இதை எல்லோருக்கும் புரியவைத்தது. அங்கே மந்திரவாதப் பள்ளிக்குள் நடக்கும் வரிசையே பாதி ரைடு. பேசும் ஓவியங்களும் தலைமையாசிரியரின் அறையும் வழியிலேயே வந்துவிடும். ரைடில் நான்கு பேர் உட்காரும் இருக்கையைத் தொழிற்சாலைகளில் பயன்படும் கூகா நிறுவனத்தின் ரோபோ கை தூக்கிப் பிடித்திருக்கும். அந்தக் கையே பாதையில் நகர்ந்தபடி நம்மைச் சாய்க்கும், திருப்பும். துடைப்பத்தில் பறக்கும் உணர்வுக்கு அதைவிடப் பொருத்தமான கருவியை என்னால் நினைக்க முடியவில்லை.

பேச்சால் நகரும் படங்கள், எத்தனை விருது வாங்கினாலும், ரைடாக மாறுவது கடினம்.

எல்லா ரைடும் திரையாகவே ஆகிவிட்டது என்று குறை சொல்கிறார்களே?

குறையில் நியாயம் உண்டு. திரை மலிவு என்று நினைக்க வேண்டாம், நல்ல திரைக்காட்சி எடுப்பது செலவு பிடிக்கும் வேலை. ஆனால் அது சீக்கிரம் பழசாகிவிடும். அசையும் பொம்மை, அதாவது அனிமேட்ரானிக், நம்மோடு அதே காற்றில் நிற்கிறது. 2019 டிசம்பரில் ஃப்ளோரிடா டிஸ்னியில் திறந்த 'ஸ்டார் வார்ஸ்' ரைடான 'ரைஸ் ஆஃப் தி ரெசிஸ்டன்ஸ்' இரண்டையும் கலந்தது. தண்டவாளம் இல்லாமல் தரையில் தானே வழி கண்டுபிடிக்கும் வண்டியில் போனால், நம் தலைக்கு மேல் முழு அளவிலான நான்கு கால் போர் இயந்திரங்கள் நிற்கும். அங்கே திரை ஜன்னலுக்கு வெளியே தெரியும் விண்வெளியை மட்டும் பார்த்துக்கொள்கிறது. நான் எதிர்பார்ப்பது அந்த அளவு கலவையைத்தான்.

புது ரைடுக்காகப் பழைய ரைடை ஏன் மூட வேண்டும்? காலி இடத்தில் கட்டக் கூடாதா?

காலி இடம் என்று நமக்குத் தெரிவது பல நேரம் சதுப்பு நிலமாகவோ ஊழியர் பாதையாகவோ மழைநீர்த் தேக்கமாகவோ இருக்கும். பழைய ரைடு இருக்கும் இடத்திலோ மின்சாரம், வரிசைக்கூடம், பராமரிப்புக் கிடங்கு எல்லாம் தயாராக இருக்கின்றன.

ஆனாலும் வலிக்கத்தான் செய்கிறது. ஆர்லாண்டோ யுனிவர்சலில் 1990இல் தொடங்கிய 'ஜாஸ்' படகு ரைடு 2012 ஜனவரி 2 அன்று நின்றது. அந்த இடத்தில் 2014 ஜூலையில் ஹாரி பாட்டர் கதையில் வரும் கடைத்தெருவான டயகன் ஆலி வந்தது. வந்தது அற்புதம், அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. ஆனால் தண்ணீருக்குள்ளிருந்து எழும் அந்தச் சுறாவை அங்கே இனி யாரும் பார்க்கப்போவதில்லை. ஃப்ளோரிடா டிஸ்னியின் மேஜிக் கிங்டம் பூங்காவில் இருந்த ஆறும் டாம் சாயர் தீவும் 2025 ஜூலையில் மூடப்பட்டன. அங்கே 'கார்ஸ்' பாத்திரங்கள் வருகிறார்கள். அந்த ஆறு 1971இல் பூங்கா திறந்த நாள் முதல் இருந்தது. வேகமான வண்டிகளுக்கு நடுவே சும்மா உட்கார்ந்திருக்க ஓர் இடம் ஒரு பூங்காவுக்குத் தேவை, அதற்கு ஈடு என்ன என்று நான் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

நல்ல காரணத்துக்காக நடந்த மாற்றமும் உண்டு. 'ஸ்பிளாஷ் மவுண்டன்' 1946இல் வந்த, கறுப்பின மக்களைச் சித்திரித்த விதத்துக்காகக் கண்டிக்கப்பட்ட ஒரு படத்தை அடிப்படையாகக் கொண்டது. 2024இல் அது 'தி பிரின்சஸ் அண்ட் தி ஃப்ராக்' பட நாயகி டியானாவின் கதையாக மாறியது. நீர்வழியும் கடைசிச் சரிவும் அப்படியே இருக்க, கதை மட்டும் மாறியது.

ஃப்ளோரிடா டிஸ்னியில் 300 அடிக் கோஸ்டர் வருமா?

நான் நம்பமாட்டேன். அமெரிக்காவில் 200 அடியைத் தொடும் கட்டடங்களுக்கு விமான எச்சரிக்கை விளக்கு வைக்கும் கட்டாயம் வந்துவிடும். ஒரு பனிமலை உச்சியில் சிவப்பு விளக்கு மினுக்கினால் மாயம் கலைந்துவிடும். அதனால்தான் எவரெஸ்ட் கோஸ்டரின் மலை 199.5 அடி, டவர் ஆஃப் டெரர் 199 அடி.

அறிவித்த ரைடு வராமல் போவதுண்டா?

உண்டு. எப்காட்டில் மேரி பாப்பின்ஸ் ரைடு என்று 2019இல் மேடையிலேயே அறிவித்தார்கள். அடுத்த ஆண்டு பெருந்தொற்றில் பூங்காக்கள் மூடியபோது அது அலமாரிக்குப் போனது. அதே 2019இல் கலிஃபோர்னியாவின் அவெஞ்சர்ஸ் பகுதிக்கு ஒரு விமான ரைடைச் சொன்னார்கள், அதன் வடிவம் பின்னர் மாறிவிட்டது. எபிக் யுனிவர்ஸின் கட்டுமானமும் 2020இல் நின்றது, ஆனால் அங்கே நிலம் திருத்தும் வேலை தொடங்கியிருந்தது, 2021இல் மீண்டும் உயிர்பெற்றது. வித்தியாசம் புரிகிறதா? ஓவியத்தை உருட்டிக் கட்டி வைத்துவிடலாம். தோண்டிய குழியை அப்படி வைக்க முடியாது.

அப்படியானால் இதுவரை உறுதியாக அறிவிக்கப்பட்டவை எவை?

டிஸ்னியின் 2024 ஆகஸ்ட் அறிவிப்பில் வந்தவை நிறைய. ஃப்ளோரிடா ஹாலிவுட் ஸ்டுடியோஸில் 'மான்ஸ்டர்ஸ் இன்க்' பகுதி, அதில் கதவுகள் தொங்கியபடி பறக்கும் காட்சியை வைத்து ஒரு தொங்கு கோஸ்டர். அனிமல் கிங்டமில் இந்தியானா ஜோன்ஸும் 'என்காண்டோ'வும். கலிஃபோர்னியாவில் 'கோகோ' படகு ரைடும் ஓர் அவதார் பகுதியும். பாரிஸுக்கு 'லயன் கிங்', ஷாங்காய்க்கு ஸ்பைடர்மேன். யுனிவர்சல் பக்கம் 'ஃபாஸ்ட் அண்ட் ஃபியூரியஸ்' கோஸ்டர்: ஹாலிவுட்டில் ஒன்று, பிறகு ஆர்லாண்டோவில் ஒன்று. 2025 மே மாதம் அபுதாபியில் டிஸ்னி பூங்கா அறிவிக்கப்பட்டது. அதைக் கட்டி நடத்தப்போவது மிரால் நிறுவனம். டிஸ்னி உரிமமும் வடிவமைப்பும் தருகிறது. டோக்கியோவில் 1983 முதல் வேறொரு நிறுவனம் உரிமையாளராக இருந்து நடத்துவதைப் போன்ற ஏற்பாடு.

வில்லன்கள் பகுதி வருகிறதாமே, அதில் என்ன இருக்கும்?

மேஜிக் கிங்டமில் அப்படியொரு பகுதி வரும் என்பதும், அதில் இரண்டு பெரிய ரைடுகள் என்பதும் டிஸ்னி சொன்னவை. இனி சொல்வது என் ஊகம். ஒன்று சூனியக்காரி மேலஃபிசென்ட்டின் டிராகனை மையமாக வைத்த கோஸ்டராக இருக்கும். இரண்டாவது மெதுவாகப் போகும் இருட்டு ரைடாக, பல வில்லன்களை அடுத்தடுத்துக் காட்டுவதாக இருக்கும். காரணம், அந்தப் பூங்காவில் குழந்தைகளோடு வருபவர்கள் அதிகம். இரண்டும் வேக ரைடுகளானால் பாதிக் குடும்பம் வெளியே நிற்கும். அதோடு, இருட்டு ரைடுகளில் வண்டிகள் நிற்காமல் ஊர்ந்துகொண்டே இருந்தால் மணிக்கு 2,000 பேருக்கு மேல் ஏற்றலாம். கூட்டம் நெரியும் பூங்காவுக்கு அந்த எண்ணிக்கை அவசியம்.

திறப்பு நாளுக்கு முன்பே ஏறிப் பார்க்க வழி உண்டா?

சில நேரம் உண்டு. அறிவித்த தேதிக்குச் சில நாட்களோ வாரங்களோ முன்பு 'டெக்னிக்கல் ரிஹர்சல்' என்று கதவைத் திறப்பார்கள். முன்னறிவிப்பு இருக்காது. எப்போது வேண்டுமானாலும் நிறுத்துவார்கள், பாதியில் இறக்கியும் விடுவார்கள். அன்றைக்குப் பூங்காவில் இருந்தால், வாசலில் நிற்கும் ஊழியரிடம் 'இன்று ஓட்டுகிறீர்களா' என்று கேட்டுப் பாருங்கள்.